உடைந்த பாலத்தில் ஒரு விசில்

இதை ஒரு கையால்தான் தட்டச்சு செய்கிறேன். இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் இப்போது மடங்குவதில்லை. எக்ஸ்ரே இருக்கிறது. என் நண்பன் சேரனின் பிடரியில் காதுக்குக் காது தையல் தழும்பு இருக்கிறது. பேயாவது பிசாசாவது என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். சிரித்து முடித்ததும், இந்த இரண்டும் எப்படி வந்தன என்று எனக்குச் சொன்னால் போதும். ஒரு வருடமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் சைஃப். ராயப்பேட்டைக்காரன். பயணப் புகைப்படக்காரன். ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்து, ஓட்டல்களுக்கும் சுற்றுலா இணையதளங்களுக்கும் விற்றுப் பிழைக்கிறேன். சும்மா ஊர் சுற்றுவதற்குச் சம்பளமா என்று கேட்காத சொந்தக்காரரே கிடையாது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, கொசுக்கடியில் சூரியனுக்காகத் தவம் கிடப்பதற்குப் பெயர் ஊர் சுற்றுவது என்றால், ஆமாம், ஊர்தான் சுற்றுகிறேன்.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மலையோ கோட்டையோ கடலோ, படத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அப்போதுதான் அந்த இடம் எவ்வளவு பெரியது என்று தெரியும். ஆனால் அவர் முகம் தெரியக் கூடாது. முகம் தெரிந்தால், படத்தை வாங்குபவர்கள் அந்த ஆளின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். முதுகுக்கு யாரும் கடிதம் கேட்பதில்லை. அதனால் எங்கள் படங்களில் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டேதான் நிற்பார்கள்.

என் படங்களில் நிற்கும் முதுகு சேரனுடையது. திருவான்மியூர்க்காரன். என் வண்டியை ஓட்டுபவனும் அவன்தான். ஹம்பி, தனுஷ்கோடி, லடாக் எங்கே பார்த்தாலும் ஒரு சிவப்புச் சட்டை நிற்கும். அது சேரன். உலகத்தில் பாதிப் பேர் அவன் முதுகைப் பார்த்திருக்கிறார்கள். முகத்தைப் பார்த்தவர்கள் அவன் தெருவில் இருப்பவர்கள் மட்டும்தான்.

போன வருடம் பிப்ரவரியில் அவன் மனைவி சரண்யாவுக்கு ஏழு மாதம். நான் அவனை வேலைக்குக் கூப்பிடப் போனபோதெல்லாம் வாசலில் நின்று ஒன்றையே சொல்வாள்.

"முதுகை எங்க வேணா வித்துக்கோ பாய்ணா. ஆளை மட்டும் முழுசா கொண்டாந்து விட்டுரு."

நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன்.

அந்த மாதம்தான் அடையாறில் புதிதாகத் திறக்கப்போகும் ஓர் ஓட்டலில் இருந்து அழைப்பு வந்தது. வரவேற்பறைச் சுவர் முழுவதையும் மறைக்கிற மாதிரி ஒரே ஒரு படம் வேண்டுமாம். பிடித்துவிட்டால் அவர்களுடைய மற்ற ஊர் ஓட்டல்களுக்கும் வருடம் முழுக்க நான்தான். எப்படிப்பட்ட படம் வேண்டும் என்று ஒரு மாதிரியையும் அனுப்பியிருந்தார்கள்.

பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது சூடாமணி எடுத்த படம். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயரும் தெரியும், அந்தப் படமும் தெரியும். பெசன்ட் நகர் கடற்கரையைத் தாண்டி, அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிற உடைந்த பாலம். விடியும் முன் நீல வெளிச்சம். பாலம் அறுந்து நிற்கும் விளிம்பில் சிவப்புச் சட்டை போட்ட ஒருவன். முதுகு மட்டும். அவன் உருவத்தின் ஓரங்கள் லேசாகக் கரைந்து, காற்றோடு காற்றாகப் போவது போல இருக்கும். அந்தக் கரைதலைப் புகழாதவர்கள் கிடையாது.

அந்தப் படத்துக்குப் பிறகு சூடாமணி மேடம் கேமராவைத் தொடவில்லை. முழங்கால் வலி என்றார்கள். படத்தை விற்கச் சொல்லி ஓட்டல்காரர்கள் எவ்வளவோ கேட்டும் மறுத்துவிட்டாராம். அதனால்தான் என்னிடம் வந்திருக்கிறார்கள். அதே இடம், அதே வெளிச்சம், அதே சிவப்புச் சட்டை. அப்படியே வேண்டும்.

இன்னொருவர் படத்தைப் பார்த்து எடுப்பது கொஞ்சம் கேவலம்தான். ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று மேடத்துக்கு போன் செய்தேன். முன்பு ஒருமுறை அவர் நடத்திய இரண்டு நாள் பயிற்சிக்குப் போயிருக்கிறேன். பெயரைச் சொன்னதும் ஞாபகம் வைத்துப் பேசினார். உடைந்த பாலம் என்று சொன்னேன்.

போன் கட் ஆனது. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

கோபம் போலிருக்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மேலே போவதற்கு முன் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இது புரியாவிட்டால் எதுவும் புரியாது. அந்த மாதிரிப் படத்துக்குக் கேமராவின் ஷட்டரை, வெளிச்சத்தை உள்ளே விடும் கதவை, மூன்று நிமிடம் திறந்தே வைத்திருக்க வேண்டும். கேபிளில் உள்ள பொத்தானைப் பூட்டினால் திறக்கும், விடுவித்தால் மூடும். திறந்திருக்கும் நேரத்தில் எது அசைந்தாலும் படத்தில் விழாது. அலை பால் மாதிரி ஆகிவிடும். நடந்து போகிற ஆள் காணாமலே போய்விடுவான். அசையாமல் நிற்பது மட்டும்தான் தங்கும்.

ஆகவே நிற்கிறவன் கல்லாக நிற்க வேண்டும். தூரத்தில் இருப்பவனுக்கு எப்படிச் சொல்வது? அவன் போனை எடுத்தால் அதன் வெளிச்சம் படத்தில் கோடாக விழும். அதற்குத்தான் விசில். ஒரு விசில் ஊதினால், அசையாதே. இரண்டு விசில் ஊதினால், முடிந்தது, அசையலாம். இதை நான் கற்றுக்கொண்டது சூடாமணி மேடத்தின் பயிற்சியில்தான். சேரனும் நானும் வருடக்கணக்காக இப்படித்தான் வேலை செய்கிறோம். இரண்டு விசில் கேட்காமல் அவன் திரும்பியதே கிடையாது. லடாக்கில் மூக்கில் ரத்தம் வடிய நின்றிருக்கிறான்.

முந்தின நாள் மாலை இடம் பார்க்கப் போனோம். பாலத்தில் நான்கு பேர் குடித்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுக்கக் கூடாது, இது எங்கள் ஏரியா என்றார்கள். ஒருவன் சேரனின் காலரைப் பிடித்து, பாலத்துக் கம்பியோடு சேர்த்து அழுத்தினான்.

எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். யோசிக்கவே இல்லை. கேமராவை நிறுத்தும் முக்காலியை, ட்ரைபாடை, சுழற்றி அவன் வாயிலேயே போட்டேன். உதடு கிழிந்தது. பல்லோடு ரத்தத்தைத் துப்பினான். ஒரு பாட்டில் என் காதோரமாகப் பறந்து போய்ச் சுவரில் உடைந்தது. சேரன் இன்னொருவனைப் பாலத்தடி மணலில் உருட்டி மிதித்துக்கொண்டிருந்தான். அவனை இழுத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

நாளைக்கு வருவ இல்ல, வா என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மறுநாள் முதலில் நடந்ததற்கெல்லாம் அந்த நான்கு பேர்தான் காரணம் என்று நினைத்தேன். மனிதன் செய்ததாகவே இருக்கட்டும் என்று இன்றும் ஆசைப்படுகிறேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஊரூர் ஒல்காட் குப்பத்தில் வண்டியை நிறுத்தினோம். மீன் விற்கும் முத்தம்மா படகுக்காகக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். எங்களை நன்றாகத் தெரியும். விசில்காரன் என்றுதான் என்னைக் கூப்பிடுவார். பாலத்தில் ஓரமாக நிற்க வேண்டாம், கம்பியெல்லாம் துருப்பிடித்திருக்கிறது என்றார். குடிகாரர்கள் யாராவது அந்தப் பக்கம் போனார்களா என்று கேட்டேன். ஈ காக்கை போகவில்லை என்றார்.

பாலத்தின் தொடக்கத்தில் ட்ரைபாடை வைத்தேன். சேரன் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான்.

"அயர்ன் பண்ணிக்கினு வந்துகிறேன் பாய். ஓட்டல் செவுத்துல நிக்கப்போறேன் இல்ல."

சிரித்துக்கொண்டே விளிம்பை நோக்கி நடந்தான். எதிர்க்கரைக்கு அப்பால் கலங்கரை விளக்கத்தின் ஒளி சுற்றிக்கொண்டிருந்தது. பாலத்தில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. நான் டார்ச் அடித்து இரண்டு பக்கமும் பார்த்தேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். கொசு இல்லை.

அடையாறு முகத்துவாரத்தில் கொசு இல்லை. காற்றும் இல்லை. ஆனாலும் ஒரு கொசுகூடக் கடிக்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள்.

5:31. ஒரு விசில். சேரன் கல்லானான். கேபிளைப் பூட்டினேன். மூன்று நிமிடம். விடுவித்தேன். இரண்டு விசில்.

கேமராவின் திரையில் படம் வந்தது. நீலம் பிரமாதம். தண்ணீர் பிரமாதம். விளிம்பில் சேரன். அவனுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி, பாலத்தின் நடுவில்... இன்னொரு சேரன்.

சிவப்புச் சட்டை. முதுகு.

எரிச்சலாக வந்தது. பாதி நேரம் ஓரிடத்திலும் பாதி நேரம் வேறிடத்திலும் நின்றால் இப்படி இரண்டு உருவம் விழும். ஏன்டா நகர்ந்தாய் என்று கத்தினேன். அசையவே இல்லை என்று அங்கிருந்து கத்தினான். சத்தியம் செய்தான். சரி, பொய் சொல்கிறான், தூக்கம் போதவில்லை என்று விட்டேன்.

ஆனால் மனசுக்குள் ஒன்று உறுத்தியது. பாதி நேரம் நின்றவன் பாதிதான் விழுவான். அவன் உடம்பு வழியாகப் பின்னால் இருக்கும் கம்பி தெரியும். இதில் இரண்டு பேருமே முழுசாக விழுந்திருந்தார்கள்.

5:36. ஒரு விசில். மூன்று நிமிடம். இரண்டு விசில்.

வெளிச்சம் வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. படத்தைப் பார்க்க நேரமில்லை. எடுத்த படம் தானாகவே என் போனுக்கு வந்துவிடும், மூன்றாவது ஓடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று உடனே அடுத்ததற்குத் தயாரானேன்.

5:39. அடுத்த நொடியே ஒரு விசில். கேபிளைப் பூட்டினேன். ஷட்டர் திறந்தது.

போனை எடுத்தேன். இரண்டாவது படம் வந்திருந்தது. விரலால் பெரிதாக்கினேன்.

பாலத்தின் நடுவில் இருந்தவன் இப்போது சேரனுக்கு நேர் பின்னால் நின்றான். கை நீட்டினால் தொடும் தூரம்.

செருப்பு இல்லை. சேரன் ஷூ போட்டிருந்தான்.

தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது. தூங்குகிறவன் தலை போல. இல்லை, அதைவிட அதிகமாக. அவ்வளவு சாய்க்க முடியாது. எலும்பு இருந்தால் முடியாது.

நிமிர்ந்து பாலத்தைப் பார்த்தேன். சேரன் மட்டும்தான் நின்றான்.

மறுபடி போனைப் பார்த்தேன். இரண்டு பேர்.

குடிகாரர்கள் இல்லை இது. எந்தக் குடிகாரனும் மூன்று நிமிடம் இப்படி ஆடாமல் நிற்க மாட்டான். மூன்று நிமிடம் நிற்பது... எங்கள் வேலை.

அப்போது புரிந்தது.

முதல் படத்தில் அங்கே நின்றான். இரண்டாவதில் இங்கே நிற்கிறான். இரண்டு படத்திலும் கல் மாதிரி விழுந்திருக்கிறான். அப்படியானால் நடுவில், நான் இரண்டு விசில் ஊதிய பிறகுதான் நகர்ந்திருக்கிறான். ஒரு விசில் ஊதியதும் நின்றுவிடுகிறான்.

என் விசிலுக்குக் கட்டுப்படுகிறான்.

அடுத்த விசிலை உடனே ஊதியதால் இப்போதும் அங்கேயே நிற்கிறான். நான் இரண்டு விசில் ஊதினால்...

ஊதக் கூடாது. கேபிளைத் தொடவில்லை. அது பூட்டியபடியே தொங்கியது. சத்தம் போட்டால் சேரன் திரும்புவான். திரும்பினால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. சரண்யாவின் முகம் கண் முன்னால் வந்தது. ஆளை முழுசா கொண்டாந்து விட்டுரு.

விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடினேன்.

பாதிப் பாலம் தாண்டியதும் நாற்றம். ஈர இரும்பும் பச்சை ரத்தமும் கலந்த நாற்றம். சேரனின் முதுகு நெருங்கியது. அவனுக்கும் எனக்கும் நடுவில் வெறும் காற்று. அந்தக் காற்றைத் தொடாமல் கம்பியோரமாக ஒட்டிப் போனேன். இடது தோள் மட்டும் சில்லிட்டது.

சேரன் பக்கத்தில் போய் நின்றேன். அவன் அசையவில்லை. கண்ணை மட்டும் உருட்டி, இன்னா ஆச்சு என்று கேட்டான்.

பேச வாயைத் திறந்தேன். மூச்சு வாங்கியது. விசில் பல்லில் இருப்பதை மறந்துவிட்டேன்.

ப்ரீ.

ப்ரீ.

என் மூச்சு. இரண்டு முறை.

சேரனின் தலை பின்னால் சொடுக்கியது. யாரோ கொத்தாக முடியைப் பிடித்து இழுத்த மாதிரி. மறு நொடி அவன் நெற்றி கம்பியில் மோதியது. டங். மறுபடி, டங். துருவும் ரத்தமும் என் முகத்தில் தெறித்தன.

அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். என் விலாவில் உதை விழுந்தது. உதைத்த கால் கண்ணுக்குத் தெரியவில்லை. எலும்பு முறிந்த சத்தம் மட்டும் கேட்டது.

சேரனின் பிடரியில் ஒரு கோடு விழுந்தது. கத்தி இல்லை. கை இல்லை. கோடு மட்டும் ஒரு காதில் தொடங்கி மறு காது வரை நிதானமாக ஓடியது.

பிறகு அது திறந்துகொண்டது.

அவன் கத்தவில்லை. ஹக்... என்று ஒரு சத்தம் மட்டும். என் மார்பெல்லாம் சூடாக நனைந்தது.

அவனை விளிம்புக்கு இழுத்தது. அவன் கால்கள் அந்தரத்துக்குப் போய்விட்டன. நான் ஒரு கையால் அவன் பெல்ட்டையும் மறு கையால் கம்பியையும் பிடித்திருந்தேன்.

கம்பியில் இருந்த என் நடுவிரலை யாரோ எடுத்தார்கள்.

பின்பக்கமாக மடித்தார்கள்.

டக்.

அடுத்த விரல்.

டக்.

என் காதருகில் மூச்சு இல்லாத ஒரு வாய்...

விசில்.

பல்லில் இன்னும் விசில் இருந்தது.

ஊதினேன். ஒன்று. ஒரே ஒன்று. நெஞ்சில் இருந்த காற்றெல்லாம் போகிற வரை ஊதினேன்.

நின்றது.

எல்லாம் நின்றது. சேரனின் தலைமுடி மட்டும் ஒரு கொத்து மேலே தூக்கியபடி காற்றில் நின்றது. யாரோ பிடித்திருக்கிறார்கள். பிடித்தபடி அசையாமல் நிற்கிறார்கள்.

பிடியை விடவில்லை. நான் இழுத்தேன். முடி தோலோடு பிய்ந்து வந்தது. அந்தக் கொத்து அங்கேயே தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சேரனைப் பின்பக்கமாக இழுத்து வந்தேன். மூச்சை மூக்கால் மட்டும் விட்டேன். விசிலைத் துப்பக்கூடப் பயம். கீழே விழுந்து சத்தம் வந்துவிட்டால்?

ட்ரைபாட் வரை வந்து கேபிளை விடுவித்தேன். ஷட்டர் மூடியது. அதன் பிறகு எனக்கு ஞாபகம் இருப்பது, முத்தம்மா தன் புடவைத் தலைப்பால் சேரனின் கழுத்தை அழுத்திப் பிடித்திருந்தது மட்டும்தான்.

சேரன் பிழைத்தான். கத்தி இன்னும் ஒரு நூல் உள்ளே போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார் டாக்டர். கத்தியே இல்லை என்று நான் சொல்லவில்லை. போலீஸ் அந்த நான்கு குடிகாரர்களைத் தேடிப் பிடித்தது. முந்தின இரவே அவர்கள் வேறொரு அடிதடியில் சிக்கி ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று காலை அவர்கள் வெளியிலேயே இல்லை.

மருத்துவமனையில் சரண்யா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதைவிட அவள் என்னை அறைந்திருக்கலாம்.

மூன்றாவது படத்தை ஒரு வாரம் கழித்துத்தான் திறந்து பார்த்தேன். ஷட்டர் வெகு நேரம் திறந்தே கிடந்ததால் விடியல் வெளிச்சம் ஏறி வெளிறிப்போயிருந்தது. நானும் சேரனும் அதில் இல்லை. நாங்கள் அசைந்தவர்கள். விழ மாட்டோம். பாலம் காலியாக இருந்தது. விளிம்பில் மட்டும் ஒருவன் நின்றான். ஒரு கையைத் தூக்கி எதையோ இறுகப் பிடித்திருந்தான். இந்த முறை முதுகைக் காட்டவில்லை.

முகம் நன்றாகவே தெரிந்தது. இருபத்தைந்து வயது இருக்கும். கழுத்துதான் சரியில்லை.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நங்கநல்லூர் போனேன். ஆஞ்சநேயர் கோயிலுக்குப் பின் தெருவில் இரண்டாவது மாடியில் சூடாமணி மேடம் தனியாக இருந்தார். அறுபது வயது இருக்கும். ஊரெல்லாம் படம் எடுத்தவர் வீட்டுச் சுவரில் ஒரு படம்கூட இல்லை. என் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். படத்தைக் காட்டினேன்.

"எத்தனை விசில் ஊதின?" என்று கேட்டார்.

சொன்னேன். பிறகு அவர் சொன்னார். அழவில்லை. சமையல் குறிப்பு சொல்வது போலச் சொன்னார்.

அந்தப் பையன் பெயர் ஹரி. அவருடைய உதவியாளன். அன்றைக்கும் அவன் விளிம்பில் நின்றான். ஒரு விசில் ஊதி ஷட்டரைத் திறந்திருக்கிறார். இரண்டு நிமிடம் போயிருக்கும். கீழே மணலில் இருந்து நான்கு பேர் ஏறி வந்தார்கள். கையில் கத்தி. வேறு யாரையோ தேடி வந்தவர்கள். அவர்கள் தேடியவனும் அன்று சிவப்புச் சட்டை போட்டிருந்தானாம். முதுகைப் பார்த்து ஹரிதான் அவன் என்று நினைத்துவிட்டார்கள். காலடிச் சத்தம் ஹரிக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் திரும்பவில்லை. இரண்டு விசில் வரவில்லையே.

"விசில் என் வாய்லதான் இருந்தது சைஃப். ஊதினா என் பக்கம் வந்துடுவாங்க."

ஊதவில்லை. கேபிளையும் விடவில்லை. மூன்று நிமிடம் முடிகிற வரை கையில் பிடித்தபடியே புதருக்குள் உட்கார்ந்திருந்தாராம். ஏன் விடவில்லை என்று அவருக்கே தெரியவில்லை.

பிடரியில் வெட்டுப்பட்ட உடல் இரண்டு நாள் கழித்துப் பட்டினப்பாக்கத்தில் ஒதுங்கியது. தானும் அங்கே இருந்ததாக அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெட்டியவர்கள் அசைந்துகொண்டே இருந்ததால் படத்தில் விழவில்லை. ஹரி முக்கால்வாசி நேரம் நின்றான். அதனால் விழுந்தான். ஓரம் மட்டும் லேசாகக் கரைந்து.

ஊரே புகழ்ந்த அந்தக் கரைதலுக்கு அர்த்தம் அதுதான்.

நல்ல கை ஒன்றுதான் இருந்தது, அந்தக் கையால் அந்த அம்மாவை அடித்துவிடுவேனோ என்று பயந்து எழுந்துவிட்டேன். வாசலில் செருப்பு மாட்டும்போது பின்னால் வந்து நின்றார்.

"கடைசியா நீ ஊதினது ஒண்ணுதானே?"

ஆமாம் என்றேன்.

"அப்ப அவன் அங்கேயே நிக்கறான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

ஒன்பது நாள் கழித்து ஓர் இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார். உடைந்த பாலத்தில் ஒரு பெண் இறந்து கிடப்பதாகவும், கைப்பையில் என் விசிட்டிங் கார்டு இருந்ததாகவும் சொன்னார். அடையாளம் காட்டப் போனேன். சூடாமணி மேடம்தான். சிவப்புச் சேலை. பாலத்தின் விளிம்பில் கிடந்தார். கழுத்தில் ஒரு கோடு, காதுக்குக் காது.

பாலத்தின் தொடக்கத்தில், நான் வைத்த அதே இடத்தில், அவருடைய பழைய ட்ரைபாட் நின்றது. அதில் கேமரா. கேமராவைத் திறந்து பார்க்க ஆள் வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். நான்தான் திறந்தேன். ஒரே ஒரு படம். சரியாக மூன்று நிமிடம். விளிம்பில் சூடாமணி மேடம் முதுகைக் காட்டி நிற்கிறார். ஓரங்கள் லேசாகக் கரைந்திருக்கின்றன. வேறு யாரும் இல்லை.

மூன்று நிமிடம் முடிந்ததும் கேபிளை யாரோ விடுவித்திருக்கிறார்கள். அதைச் செய்ய ட்ரைபாட் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். வேறு யார் கைரேகையும் கிடைக்கவில்லை. வழக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

சேரனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரியாணிக் கடையில்கூட அவன் சுவரில் முதுகு சாய்த்துத்தான் உட்காருகிறான். நான் அந்த ஓட்டல் வேலையை விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் முகம் தெரிகிற மாதிரிதான் படம் எடுக்கிறேன். கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் மேடத்தை அடையாளம் காட்டிவிட்டு அன்று திரும்பி வரும்போது குப்பத்தில் முத்தம்மாவைப் பார்த்தேன். விடியற்காலையில் ஏதாவது சத்தம் கேட்டதா என்று விசாரித்தேன். கேட்டது என்றார். விசில் சத்தம். நான்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தாராம். சூடாமணி மேடம் விளிம்பில் நின்றபடி ஊதியிருப்பார் என்றேன் நான்.

முத்தம்மா தலையை ஆட்டினார். சத்தம் வந்தது விளிம்பில் இருந்து இல்லை, இந்தப் பக்கத்தில் இருந்து என்றார்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த அம்மாவின் விசில் ட்ரைபாடில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொட்ட போலீஸ்காரர், ஈரமாக இருக்கிறது என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

எத்தனை விசில் என்று கேட்டேன்.

"மொதல்ல ரெண்டு. கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணு, ஒண்ணுதான் நைனா. நீ ஊதற மாரியே அப்பால ரெண்டு ஊதுவாங்கன்னு காது குடுத்துக்கினே குந்திகினு இருந்தேன். வரவேயில்ல."